சிவப்புப் பெருக்கல் குறியும் சென்னியப்பனின் கல்யாணமும்

முட்டாள்கள் யோசிக்காமல் காரியம் செய்கிறவர்கள் என்று உலகத்தில் ஒரு தப்பெண்ணம் பரவிக் கிடக்கிறது. படித்தவர்கள்கூட இதை நம்புவது வேதனைக்குரியது. யோசிக்காமல் செய்கிறவன் சில சமயம் தப்பித்தவறிச் சரியாகச் செய்துவிடுகிறான். பிசகே இல்லாமல் ஒவ்வொரு தடவையும் தப்பாகச் செய்வதற்கு ஆழ்ந்த யோசனை வேண்டும். கூடி உட்கார்ந்து விவாதிக்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்தவர் சொன்ன சொல்லை அப்படியே மதிக்கிற நல்ல மனசு வேண்டும்.

இவை மூன்றும் குறைவறக் கூடியிருந்த இடம், நஞ்சைமேட்டுக் கடைவீதியில் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த 'சுபயோகம் திருமணத் தகவல் மையம்'.

அதன் முதலாளி பொங்கியண்ணன் ஒரு கொள்கைவாதி. சேர்த்துவைப்பதுதான் நம் தொழில், பிரித்துவைப்பது அல்ல என்பார். அந்த அலுவலகத்தில் இரட்டை வாழைப்பழம் வந்தால்கூடப் பிரிக்காமல் ஒருவரே தின்ன வேண்டும். ஜாதகம் பார்க்க அர்த்தநாரி ஜோசியர் இருந்தார். பெண் வீட்டாரோடும் மாப்பிள்ளை வீட்டாரோடும் போனில் பேச ரங்கநாயகி அக்கா இருந்தார். அக்காவின் குரல் மறுபடியும் போனில் வந்துவிடக் கூடாதே என்பதற்காகவே சம்மதம் சொன்ன குடும்பங்கள் உண்டு.

ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை சென்னியப்பனுடையது. பதினாலு வருஷமாக ஊரார் ஜாதகத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டே வந்ததில் தன்னுடையதை ஏற்ற மறந்து முப்பத்தெட்டு வயதுக்கு வந்துவிட்டான். போன மாசம்தான் அக்கா அதைக் கண்டுபிடித்து, தலையில் குட்டி, ஏற்றவைத்தார். ஏற்றியதும் கம்ப்யூட்டர் ஒரு பெண்ணைப் பொருத்தம் காட்டியது. சத்தியமங்கலத்துப் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் பூங்கோதை, வயது முப்பத்துநாலு. போட்டோவில் மிளகாய் நாற்றுகளுக்கு நடுவில் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கண் கூசல் தன்னைப் பார்த்துத்தான் என்று சென்னியப்பன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

பெண்ணின் தாய்மாமன் நாச்சிமுத்து புதன்கிழமை மூன்று மணிக்கு வந்து, பொருத்தத்தைப் பிரிண்ட் எடுத்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அவர் கறாரான மனுஷர். கையில் காகிதம் கிடைக்காவிட்டால் மறுநாளே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மேனேஜரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தப் புதன்கிழமை காலையில்தான் கம்ப்யூட்டரின் ஆன்டிவைரஸ், பச்சை டிக் போட வேண்டிய இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சென்னியப்பன் ஆன்டிவைரஸின் 'ஆன்' பொத்தானை அழுத்தினான். அது, காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பப்படும் பிள்ளை மாதிரி, ஒரு கணம் பச்சையாகக் கண் விழித்துவிட்டு மறுபடியும் சிவந்து படுத்துக்கொண்டது.

"காவக்காரன் தூங்குறப்ப பொட்டியைத் தொறக்கலாமா? ஒரு காயிதம் வெளிய போகக் கூடாது," என்றார் பொங்கியண்ணன். பக்கத்து ஊர் மையம் ஒன்றில் வைரஸ் புகுந்து ஜாதகங்களைக் கலைத்துவிட்டு, ஒரு மாப்பிள்ளைக்கு அவனுடைய சொந்தச் சித்தப்பாவையே பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று காட்டியதாக அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"மூணு மணிக்கு அவிய மாமன் வந்துருவாருங்களே," என்றான் சென்னியப்பன்.

"அதுக்குள்ள எழுப்பிப் போடலாம். கம்பெனிக்குப் போனைப் போடு."

போனை எடுத்தது ஒரு பெண். தன் பெயர் ஜெசிந்தா என்றும், எப்படி உதவட்டும் என்றும் கேட்டாள்.

பொங்கியண்ணன் தொழில் பழக்கத்தில் போனைப் பிடுங்கினார். "கல்யாணம் ஆயிருச்சா கண்ணு? என்ன நட்சத்திரம்?"

"சார், எங்க வீட்ல நட்சத்திரம் டிசம்பர்லதான் தொங்கவிடுவோம். பிரச்சினை என்னன்னு சொல்றீங்களா?"

போன் சென்னியப்பனிடம் திரும்பியது. அவன் விஷயத்தைச் சொன்னான்.

"சரி சார். இப்ப ஸ்கிரீன்ல என்ன தெரியுதோ அதை அப்படியே சொல்லுங்க. எதையும் விடாதீங்க."

சென்னியப்பன் திரைக்கு அருகே குனிந்து பார்த்தான். "ஒரு ஆள் தெரியறானுங்க. நெத்தியில திருநீறு. முகம் வாடியிருக்குது. அவனுக்குப் பின்னால எங்க முதலாளி."

"முதலாளிக்குப் பின்னால நான் தெரியறனான்னு பாரு," என்றார் ரங்கநாயகி அக்கா.

"அக்கா பாதிதான் தெரியறாங்க."

"சார், அது உங்க நிழல். ஸ்கிரீனுக்குள்ள என்ன இருக்கு?"

"மூலையில மஞ்சள் பொட்டு வெச்சிருக்குதுங்க. ஆயுத பூசைக்கு வெச்சது. அதுக்குக் கீழ ஒரு எறும்பு... இல்லீங்க, அது போயிருச்சு."

மறுமுனையில் மூச்சு ஒன்று நீளமாக உள்ளே போய் வெளியே வந்தது. "சார், நான் எங்க பக்கம் உங்க கணக்கைப் பாத்துட்டு வர்றேன். லைன்லயே இருங்க. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

சென்னியப்பன் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, சூடு பட்டவன்போல் கையை எடுத்துக்கொண்டான். நால்வரும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அறை நடுவில் நின்றார்கள். நாற்காலியைத் தொடக் கூடாதென்பதால் உட்காரவில்லை.

"தரையைத் தொட்டுட்டு நிக்கறமே, அது?" என்றார் ஜோசியர். கேள்வி நியாயமானது. ஆளுக்கொரு காலைத் தூக்கினார்கள். மீதிக் காலைப் பற்றி விவாதம் தொடங்கியது.

"செருப்பு போட்டிருந்தாத் தொட்டதுல சேராது," என்றார் பொங்கியண்ணன்.

"செருப்பைத் தொடறமுங்களே?" என்றார் அக்கா.

அந்த நேரத்தில் போனிலிருந்து சத்தம் வந்தது. "ஹலோ? சார், இருக்கீங்களா?"

சென்னியப்பனின் கை தானாக நீண்டது. பொங்கியண்ணன் அதட்டினார். "தொடாதடா! அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும்னு சொல்லுச்சு. வந்துருச்சா?"

"குரல் வந்துருச்சுங்களே."

"குரல் வந்தா ஆளு வந்ததாகுமா? பொண்ணு பேசுனதைப் போன்ல கேட்டுட்டு, பொண்ணைப் பாத்தாச்சுன்னு சொல்லுவியா நீ?"

தொழில்ரீதியாக இது மறுக்க முடியாத வாதம். எல்லோரும் மாடிப்படியைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நின்றார்கள். ஜெசிந்தா வரவில்லை. 'ஹலோ, ஹலோ' என்று சில தடவை கூப்பிட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். ஜோசியருக்குக் கால் மரத்து, தடுமாறி, பீரோமேல் சாய்ந்த பிறகுதான் மற்றவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஒருவர் தொட்டாயிற்று என்றால் விரதம் போனது போனதுதானே.

மறுபடி கூப்பிட்டார்கள். அதே பெண்தான் கிடைத்தாள். அது அவளுடைய கிரகம்.

"சார், பாத்துட்டேன். அதே கம்ப்யூட்டர்ல இன்னொரு ஆன்டிவைரஸ் இருக்கு. வாங்குறப்பவே கூட வந்த பழசு. ஒரே மெஷின்ல ரெண்டு இருந்தா ஒண்ணை ஒண்ணு வேலை செய்ய விடாது. பழசை எடுத்துடுங்க, சரியாயிடும்."

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரே ஊட்டுல ரெண்டு பேரா?" என்றார் அக்கா. "அதுதான் சின்னவ கோவிச்சுட்டுப் படுத்திருக்கறா."

பொங்கியண்ணன் எழுந்து நின்றார். "இந்த மையத்துல இதுவரைக்கும் யாரையும் பிரிச்சதில்ல. மூத்த தாரத்தைத் தள்ளிவெச்சுப்போட்டு இளையவளை வெச்சு வாழுன்னு நானே சொல்றதா? என் கட்டை வேகுமா?"

"மூணு மணிக்குள்ள..." என்றான் சென்னியப்பன்.

"உன் கல்யாணத்துக்காக இன்னொருத்தி தாலியை அறுக்கச் சொல்றியா?"

சென்னியப்பன் தலைகுனிந்தான். அப்படிப்பட்டவன் அல்ல அவன். ஆனாலும் மிளகாய் நாற்றுகளுக்கு நடுவில் நின்றிருந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. திருப்பூர் மேனேஜருக்கு மீசை இருக்கும் என்று அவனுக்கு ஏனோ தோன்றியது. போனில் மெல்லக் கேட்டான். "அந்தப் பழசு இப்ப எப்படிங்க இருக்குது?"

"அது காலாவதி ஆகி ரெண்டு வருஷமாச்சு சார்."

ஜோசியர் துள்ளிக் குதித்தார். "பொங்கியண்ணா! மூத்தவ இறந்துட்டா! இது பிரிக்கறதே இல்ல. எடுத்துப் போடறதுதான்!"

"அப்ப நம்ம கம்ப்யூட்டரு மனைவியை இழந்தவனா?" பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கியது. "ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லாம வேலை செஞ்சிருக்குது பாருங்க."

அப்படியானால் முறைப்படி செய்ய வேண்டும். சென்னியப்பன் நீக்குவதற்கான பொத்தானை அழுத்தினான். 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றான். 'உறுதியாகவா?' என்று மறுபடி கேட்டது. "பாவம், அதுக்கு மனசு வரல," என்று அக்கா மூக்கைச் சிந்தினார். நீக்கம் முடிகிற வரைக்கும் மெல்லிய குரலில் ஒரு ஒப்பாரியும் வைத்தார். கீழே உரக்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்து, யார் என்று கேட்டு, பதில் சொன்ன பிறகும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். பொங்கியண்ணன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

சிவப்புக் குறி அப்படியே இருந்தது.

"சார், எடுத்தாச்சுன்னா இப்ப மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அவ்வளவுதான்," என்றாள் ஜெசிந்தா.

இதைவிட மோசமான வார்த்தையை அந்த அறை கேட்டதில்லை. அந்தக் கம்ப்யூட்டர், நல்ல முகூர்த்தத்தில், குத்துவிளக்கு ஏற்றிய அதே நேரத்தில் ஆன் செய்யப்பட்டது. அன்றிலிருந்து ஒருநாளும் அணைக்கப்பட்டதில்லை. கல்யாண வீட்டு விளக்கை யாராவது ஊதி அணைப்பார்களா? கரண்டு போனாலும் அணையாமல் இருக்கப் பொங்கியண்ணன் இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டிருந்தார்.

"அபசகுனமாப் பேசாத கண்ணு," என்றார் அவர். "வேற ஏதாச்சும் சொல்லு."

ஜெசிந்தா யோசித்தாள். அவள் வேலை பார்த்த இடத்தில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. "அப்ப கம்ப்யூட்டர்ல தேதி, நேரம் சரியா இருக்கான்னு பாருங்க சார். தேதி நேரம் சரியில்லைன்னா சில சமயம் அது ஆன் ஆகாது."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இத்தனை நேரம் இதைச் சொல்லாம உட்டுப்போட்டியே தாயி!" என்று ஜோசியர் கண்ணீர் மல்கக் கத்தினார். "நல்ல குடும்பத்துப் பொண்ணு. அதுக்கே தெரியுது பாருங்க. இன்னிக்கு என்ன? அஷ்டமி. மணி என்ன? பன்னெண்டே முக்கால், ராகு காலம். புதுசா வந்த மருமக இந்த நேரத்துல எந்த ஊட்டுல வலது காலை வெச்சு உள்ள வருவா?"

போனை நன்றியோடு வைத்தார்கள். ஜெசிந்தா 'தேதியைக் காலண்டரோட ஒப்பிட்டு...' என்று சொல்லத் தொடங்கியது பாதியில் நின்றது.

அர்த்தநாரி ஜோசியர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரின் பிறந்த நேரம் அவரே குறித்துக் கொடுத்தது. ஆன்டிவைரஸின் பிறந்த நேரம் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது. கம்ப்யூட்டரை மாப்பிள்ளையாகவும், புதிய ஆன்டிவைரஸைப் பெண்ணாகவும் வைத்துக் கணக்குப் போட்டார். நேரம் போயிற்று. சென்னியப்பன் ஜன்னலுக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் நடந்தான்.

"ஜாதகம் ரெண்டும் முரட்டு ஜாதகம்," என்றார் கடைசியில். "சாதாரண முகூர்த்தம் தாங்காது. இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷமும் இல்ல. முன்னால தேடிப் பாத்தேன், ஒண்ணும் அகப்படல. பின்னால போனேன். முப்பத்தாறு வருஷத்துக்குப் பின்னால, தை மாசத்துல ஒரு வளர்பிறை முகூர்த்தம் இருக்குது பாருங்க, அடடா! குரு பார்வை, சுக்கிரன் உச்சம். இப்பேர்ப்பட்ட நாளைத் தவறவிட்டுட்டமேன்னு வயிறு எரியுது."

"போன நாளை எப்படிங்க புடிக்கறது?" என்றான் சென்னியப்பன்.

"நம்ம காலண்டர்ல கிழிச்சா ஒட்டாது. கம்ப்யூட்டர்ல பின்னால நகத்தலாமல்ல?"

நகர்த்தலாம்தான். சென்னியப்பன் தேதியைப் பிடித்து, வருஷம் வருஷமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், ஜோசியர் சொன்ன தை மாசத்து வெள்ளிக்கிழமையில் நிறுத்தினான்.

முகூர்த்தம் வந்துவிட்டது. முகூர்த்தம் என்றால் வலம் வர வேண்டும். கம்ப்யூட்டரையும் ஆன்டிவைரஸையும் எழுந்து நடக்கச் சொல்ல முடியாது. ஆகவே அவர்கள் சார்பாக நால்வரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றினார்கள். அக்கா குலவையிட்டார். இரண்டாவது சுற்றில் பொங்கியண்ணனின் ஈர வேட்டி வயரில் சிக்கியது. அவர் நடந்தார், வயர் கூடவே வந்தது, திரை இருண்டது.

"அய்யோ!" என்று அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சென்னியப்பனுக்குக் கண்ணுக்குள் நாற்றுப் பண்ணை முழுவதும் வாடியது. குருட்டாம்போக்கில் குனிந்து வயரை மறுபடி செருகிப் பொத்தானை அழுத்தினான். கம்ப்யூட்டர் முனகியது, விழித்தது, கொஞ்ச நேரம் எதையோ யோசித்தது.

மூலையில் பச்சை டிக்.

"குரு பார்வைடா!" என்று ஜோசியர் சென்னியப்பனைக் கட்டிக்கொண்டார். பொங்கியண்ணன் எழுந்து அனைவருக்கும் கற்கண்டு கொடுத்தார். அந்தத் தேதியை இனி யாரும் கை வைத்து மாற்றக் கூடாது, மாற்றினால் குடும்பம் குலைந்துவிடும் என்று அந்த இடத்திலேயே உத்தரவு பிறந்தது.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து மாமா வந்துவிட்டார். பின்னாலேயே பூங்கோதையும் வந்தாள். போட்டோவில் இருந்த அதே பச்சைச் சேலை. உள்ளே வெயில் இல்லாவிட்டாலும் சென்னியப்பனைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினாள். அவனுக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது.

"காயிதம் ரெடிங்களா?" என்றார் மாமா.

"இந்தாங்க, சூடா வருது," என்று சென்னியப்பன் பிரிண்டை எடுத்துக் கொடுத்தான்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "மணமகன் சென்னியப்பன். வயது... ரெண்டு." அவர் நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டா?"

"கம்ப்யூட்டரு கணக்குங்க. பச்சை டிக் போட்டிருக்குது. தப்பு வராது," என்றார் பொங்கியண்ணன்.

"வளத்தியான பையன்," என்று ஒப்புக்கொண்டார் மாமா. தொடர்ந்து படித்தார். "பணி அனுபவம் பதினாலு வருஷம். ரெண்டு வயசுல பதினாலு வருஷ அனுபவம்! அந்தத் திருப்பூர்க்காரனுக்கு நாப்பது வயசு, பத்து வருஷம்கூடத் தேறல." அவர் மதிப்போடு தலையாட்டினார். "மணமகள் பூங்கோதை. வயது..." இங்கே காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "முன்னால ஒரு கோடு போட்டு ரெண்டுன்னு இருக்குது."

சென்னியப்பன் எட்டிப் பார்த்தான். "மைனஸ் ரெண்டுங்க."

"அப்படின்னா?"

"பொறக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதுங்க."

ஜோசியர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நாலு வயசு வித்தியாசம். நாம கேட்ட மாதிரியேதான் இருக்குது. இதுல என்ன குறை?"

"ஏனுங், நான் இன்னும் பொறக்கவே இல்லீங்களா?" என்றாள் பூங்கோதை.

"பெரியவங்க பேசறப்போ பொறக்காத புள்ள குறுக்க பேசக் கூடாது, அம்மிணி," என்றார் மாமா.

"பொறந்தவளாட்டப் பண்ணையப் பாத்துட்டு இருக்கறனே மாமா."

"அதுதான் உன்ற கெட்டிக்காரத்தனம்," என்றார் ரங்கநாயகி அக்கா, அவள் கன்னத்தை வழித்து.

சென்னியப்பனுக்கு ஒன்று தோன்றியது. தேதியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிட்டால் எல்லோருக்கும் வயதாகிவிடும். அவன் கை மெல்ல மவுஸ் பக்கம் போனது. பொங்கியண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இப்பத்தான் ஒரு குடும்பம் ஒண்ணு சேந்துருக்குது. உன் அவசரத்துக்கு அதைக் கலைப்பியா?"

சென்னியப்பன் கையை எடுத்துக்கொண்டான். அப்படிப்பட்டவன் அல்ல என்றுதான் முன்பே பார்த்தோமே.

சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டு நிறைய வேண்டும். ஆகவே உறுதி வார்த்தையை இப்போதே பேசிவிட்டு, பெண் பிறந்து வளர்ந்து பதினெட்டு முடிந்ததும், அதாவது சரியாக இருபது வருஷம் கழித்து, கல்யாணத்தை வைத்துக்கொள்வது என்று ஒருமனதாக முடிவானது. மாமா தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டார். அப்படியே திருப்பூருக்குப் போன் போட்டு, பெண் இன்னும் பிறக்காததால் வர முடியாது என்று தகவல் சொன்னார்.

"அதுவரைக்கும் காத்திருப்பீங்களா?" என்று சென்னியப்பன் பூங்கோதையிடம் மட்டும் கேட்கும்படி கேட்டான்.

அவள் கண்ணைச் சுருக்கி யோசித்தாள். "இருக்கறனுங்க. ஆனா நான் பொறந்ததும் மொதல்ல எனக்குத்தான் சொல்லியனுப்போணும்."

அவன் சத்தியம் செய்துகொடுத்தான்.

அவர்கள் போன பிறகு பொங்கியண்ணன் பிரிண்டை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். முகம் மாறியது. சட்டத்துக்குப் பயந்த மனுஷர். ரெண்டு வயதுப் பிள்ளையைக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து வேலை வாங்குவது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?

மறுநாள் காலையிலிருந்து ரங்கநாயகி அக்காதான் ஜாதகங்களை ஏற்றுகிறார். சென்னியப்பனைத் தெருக்கோடி அங்கன்வாடியில் சேர்த்திருக்கிறார்கள். மத்தியானம் சத்துமாவும் முட்டையும் கொடுக்கிறார்கள். பாய்தான் கொஞ்சம் நீளம் போதவில்லை.